கான்கிரீட் சுவரை அறுத்து கேட் வைத்த அனுபவம்

வண்டி உள்ளே வர, பின்பக்கச் சுவரில் 3 மீட்டர் அகலத்துக்கு வழி வேண்டியிருந்தது. செங்கல் சுவர் என்றால் கவலையே இல்லை. இது கம்பி கட்டி வார்த்த சுவர், 15 சென்டிமீட்டர் கனம், ஒன்றரை மீட்டர் உயரம். பிரேக்கர் (கான்கிரீட்டை இடித்து உடைக்கும் மெஷின்) போட்டு உடைத்துவிடலாம் என்றேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை, அந்த அதிர்வில் நிற்க வேண்டிய பக்கத்திலும் விரிசல் ஓடிவிடும், ஓரமெல்லாம் பொக்கை பொக்கையாகப் பெயரும் என்றார். சரி, அறுத்தே எடுப்போம் என்று முடிவானது.

9 அங்குல கிரைண்டரில் டைமண்ட் பிளேடு மாட்டினாலும் 6 சென்டிமீட்டர் சொச்சம்தான் உள்ளே இறங்கும். அதனால் இரண்டு பக்கமிருந்தும் அறுக்க வேண்டும், நடுவில் மிஞ்சும் கொஞ்சத்தை உளி வைத்துத் தட்ட வேண்டும். இரு பக்கக் கோடும் நேருக்கு நேர் வர, மூலைகளில் மறுபக்கம் வரை துளை போட்டு, அதை வைத்துத்தான் நூல் பிடித்தோம். கீழ் மூலைகளில் மட்டும் கோர் கட்டிங் செய்து, அதாவது வட்டமாகக் குடைந்து, பெரிய துளையாகவே மேஸ்திரி எடுத்துவிட்டார். பிளேடு வட்டம் அல்லவா, மூலை முழுசாக அறுபட வேண்டுமானால் கோட்டைத் தாண்டித்தான் ஓட்ட வேண்டும், அப்படித் தாண்டிய வெட்டிலிருந்துதான் பிறகு விரிசல் கிளம்பும்.

நான் கணக்குப் போடாமல் விட்டது எடையை. அந்த 3 மீட்டர் சுவர் 1,600 கிலோவுக்கு மேல்! அரை மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் துண்டாக அறுத்தும், ஒவ்வொன்றும் 50 கிலோவைத் தாண்டியது. மேலிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்தோம். ஒரு துண்டுக்கு மட்டும் அவசரத்தில் ஆப்பு வைக்காமல் அடிவெட்டைப் போட்டோம். அந்தத் துண்டு லேசாக இறங்கி பிளேடைக் கவ்வ, மெஷின், அதைப் பிடித்திருந்த பையனின் கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளியது. அடி எதுவும் படவில்லை, ஆனால் அதற்கப்புறம் அரை மணி நேரம் யாரும் மெஷினைத் தொடவில்லை.

—

எங்கள் வீட்டிலும் இதே மாதிரி கான்கிரீட் சுவரை அறுத்துத்தான் கேட் வைத்தோம். அறுப்பு சுத்தமாகத்தான் நடந்தது, சொதப்பியது அப்புறம். தனித் தூண் எதற்கு என்று, அறுத்த ஓரத்திலேயே போல்ட் அடித்து கீல்களை மாட்டிவிட்டார்கள். கேட்டின் எடை முழுவதும் மேல் கீலைத்தான் வெளியே இழுக்கும். ஒரு வருடத்துக்குள் போல்டைச் சுற்றிக் கான்கிரீட் சில்லு சில்லாக உதிர்ந்து, கேட் தரையை உரச ஆரம்பித்தது. இப்போது சுவரை ஒட்டி இரும்புத் தூண், அதற்கென்று தனி அஸ்திவாரம். அறுபட்ட கம்பி முனைகளுக்கும் அன்றைக்கு யாரும் எதுவும் பூசவில்லை. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருந்த சிமெண்டையே தள்ளிவிட்டது. திரும்ப உள்ளே வரை தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து மூடினோம்.

—

மேலே எழுதிய இருவருமே அறுக்கும்போது வரும் தூசியைப் பற்றிச் சொல்லவில்லையே? தண்ணீர் விடாமல் அறுத்தால் கிளம்புவது சிலிக்கா தூள், நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. துண்டை மூக்கில் கட்டினால் போதாது, என்95 மாதிரி மாஸ்க் வேண்டும். தண்ணீர் விட்டால் மின்கசிவு பயம் வேறு, அதனால் கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் விழுந்து கரண்டைத் துண்டிக்கிற டிரிப் சுவிட்ச் வழியாகத்தான், எங்கள் சுவரை அறுத்தபோது நாங்கள் லைன் எடுத்தோம். முதல் நாளே இரண்டு தடவை விழுந்தது. பார்த்தால் எக்ஸ்டென்ஷன் பெட்டி சேற்றுத் தண்ணீரில் கிடக்கிறது.