எவர்கிரீனிங்: ‘என்றும் பசுமையாக்கல்’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அறிவுசார் சொத்துரிமைக் கலைச்சொற்பட்டியலில் ‘எவர்கிரீனிங்’ என்பதற்கு நேராக ‘என்றும் பசுமையாக்கல்’ என்றிருக்கிறது. படிப்பவர் இதை மரம் நடும் திட்டம் என்றே எண்ணுவார். மாற்றுச் சொல் உண்டா?

* * *

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

தங்கள் ஐயம் நியாயமானது. சொல்லைத் தேடுமுன் பொருளை வரையறுத்துக்கொள்வோம். கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை மறைக்காமல் வெளியிட, அதற்கு ஈடாக அரசு விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமை அளிப்பதே காப்புரிமை. (நாளிதழ்கள் பதிப்புரிமையையும் இதே சொல்லால் குறித்துக் குழப்புவது தனிக்கதை.) இந்தத் தனியுரிமையை நம்பியே நெடுங்கால மருந்தாய்வில் முதலிட ஆள் கிடைக்கிறது, காலம் முடிந்ததும் பிறரும் அதே மருந்தைச் செய்ய, விலை இறங்குகிறது. இவ்விரண்டாம் பயன் வந்துசேராதபடி, பழைய மருந்தின் வேதியியல் உப்பு வடிவத்தையோ படிக வடிவத்தையோ சற்றே மாற்றி அடுத்தடுத்து உரிமை கோருவதையே எவர்கிரீனிங் என்கிறார்கள்.

இதற்குரிய பெருவழக்கு சென்னையில் தொடங்கியது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006இல் அது மறுக்கப்பட்டது. அறியப்பட்ட பொருளின் புதுவடிவம், அப்பொருளின் செயல்திறனை உயர்த்தாவிடில் கண்டுபிடிப்பாகாது என்பது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்பது நோய் தீர்க்கும் திறனே என்று விளக்கி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை உறுதிசெய்தது. நோவார்ட்டிஸின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயும், உள்நாட்டு நிறுவனங்களின் மருந்துக்குச் சுமார் 10,000 ரூபாயும் ஆனதாக அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘காப்புரிமை நீட்டிப்பு’ பொருந்தாது. அமெரிக்காவில் மருந்துக்கு அரசு ஒப்புதல் பெறும் நடைமுறையில் கழிந்த காலத்தை ஈடுசெய்யச் சட்டமே தரும் நீட்டிப்புக்கு அப்பெயர் வேண்டும். ‘புதுப்பிப்பு’ ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமையைத் தக்கவைப்பதற்கு உரியது. ஒன்றன் அந்தத்தில் மற்றொன்றின் ஆதி அமைவதற்கு நம்மிடம் பழைய பெயரே உண்டு. ‘அந்தாதிக் காப்புரிமை’ என்று முன்மொழிகிறேன்.

* * *

ஐயா, வணக்கம்.

படித்தவுடன் விளங்குகிறது. ஆயினும், பக்தி நூல்கள் பல கொண்ட யாப்பு வடிவின் பெயரை ஒரு சூழ்ச்சிக்குச் சூட்டலாமா? எவர்கிரீனிங் என்பதில் உள்ள கண்டனத் தொனியும் அந்தாதியில் இல்லையே.

* * *

அம்மா, தொனி இல்லாததைக் குறையாக நான் கருதவில்லை. புதுவடிவம் மெய்யாகவே நோய் தீர்க்கும் திறனைக் கூட்டியிருந்தால் 3(டி) பிரிவு அதற்குத் தடையாக நிற்பதில்லை. ஆகவே தொடர்ந்து வரும் உரிமைக் கோரிக்கை ஒவ்வொன்றும் சூழ்ச்சி என்று சொல்லே தீர்ப்பளித்துவிடக் கூடாது. பெயர்ச்சொல் ‘அந்தாதிக் காப்புரிமை’யாக இருக்கட்டும், செயலைக் குறிக்க ‘காப்புரிமை அந்தாதியாக்கம்’ எனலாம். பின்னது நாவில் சற்று இடறுகிறது. சுருக்கமான வடிவம் தோன்றினால் தெரிவியுங்கள், பட்டியலில் அதையே சேர்ப்போம்.