கல்யாணத்துக்கு வீட்டைத் திறந்ததிலிருந்து பூனைக்கு ஓயாத அரிப்பு, என்ன மருந்து போடலாம்?

கானாடுகாத்தான் வளவு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை சீனி, மூன்று வயதுப் பெண் பூனை. கருத்தடை செய்தாகிவிட்டது. இதுவரை ஒரு நோய் நொடி என்று படுத்ததில்லை.

சித்திரையில் கொழுந்தன் மகள் கல்யாணத்துக்காகப் பெரிய வீட்டை முழுசாகத் திறந்தோம். பங்காளிகள் எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் பின்பக்கம் இருக்கிற இரண்டாம் கட்டும் மேற்கு வளவு அறைகளும் எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். பாய், ஜமக்காளம், பழைய இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் வெளியே வந்தன. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் சீனிக்கு இந்தத் தொல்லை.

வால் தொடங்கும் இடத்திலும் கழுத்தைச் சுற்றியும் தினை அளவில் பொருக்குகள். கண்ணுக்குத் தெரியவில்லை, தடவினால்தான் விரலில் தட்டுப்படுகிறது. அடிவயிற்றை நக்கி நக்கி ரோமமே இல்லாமல் ஆக்கிவிட்டது. ராத்திரி சொறிகிற சத்தத்தில் எனக்குத் தூக்கம் போகிறது. ரோமத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டேன், ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. அது படுக்கிற துண்டில் காய்ந்த அரிசி மாதிரி ஒன்றிரண்டு கிடந்தது, அது என்னவென்றும் தெரியவில்லை. என் மகளுக்குக் கணுக்காலில் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள். கொசு என்றுதான் நினைத்தோம்.

காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டதற்கு, கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். உறையில் நாய்ப் படம் இருக்கிறது. "பூனைக்குப் பாதி விடுங்க, போதும்" என்றார்கள். இன்னும் போடவில்லை. போடலாமா? இல்லை, மீன் தலை தின்பதால் வந்த சூடா?


புதுவயல் தம்பி:

ஆச்சி, எங்கள் அப்பத்தா தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி அதில் கற்பூரம் போட்டுத் தடவுவார்கள். மாட்டுக்கும் நாய்க்கும் நன்றாகக் கேட்கும். வேப்பெண்ணெயும் நல்லது. ரசாயனம் எதுவும் வேண்டாம், முதலில் இதைச் செய்து பாருங்கள்.


காரைக்குடி, ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

ஆச்சி, அந்தச் சொட்டு மருந்தைப் போட வேண்டாம். பாதி வேண்டாம், கால் சொட்டும் வேண்டாம். உறையில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் அதை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றுகிற திறன் மிகக் குறைவு. போட்ட சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், அப்புறம் வலிப்பு வரும், உயிரே போகலாம். தெரியாமல் யாராவது போட்டுவிட்டால் உடனே பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரத்தைத் துடைத்து, அப்படியே மருத்துவரிடம் ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்த பூனைக்கும் இது நேரும்.

புதுவயல் தம்பி அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் மாட்டுக்கும் பூனைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பூனை தன் உடம்பில் படுவதையெல்லாம் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். கற்பூரம் பூனைக்கு விஷம். வேப்பெண்ணெய் தடவி எச்சில் ஒழுக, நடுங்கிக்கொண்டு வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். தேயிலை மர எண்ணெய், டெட்டால், பினாயில் எதுவும் ஆகாது. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும், உள்ளே போய்விடும். பூனை இருக்கிற வீட்டில் தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

இப்போது சீனிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. என் கணிப்பு, இது தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. பூச்சி கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் போகிறது. அந்த எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு உடம்பெல்லாம் பூச்சி மொய்க்க வேண்டியதில்லை, எப்போதாவது ஒன்றிரண்டு கடித்தாலே நாள்கணக்கில் அரிக்கும். வாலடி, முதுகு, கழுத்து, தினையளவுப் பொருக்கு, நக்கி வழித்த வயிறு எல்லாம் அதோடு ஒத்துப் போகின்றன. பூச்சி தெரியவில்லை என்கிறீர்கள். அரிக்கிற பூனை நக்கும்போதே பூச்சியைப் பிடித்து விழுங்கிவிடும், அதனால்தான் தெரியவில்லை. துண்டில் கிடந்த அந்த அரிசி நாடாப்புழுவின் துண்டாக இருக்க வேண்டும். அந்தப் புழுவின் முட்டை தெள்ளுப்பூச்சியின் வயிற்றில்தான் வளரும். பூச்சியை விழுங்கிய பூனைக்குத்தான் அந்தப் புழு வரும். மகளின் கணுக்காலைக் கடிப்பதும் பெரும்பாலும் இதே பூச்சிதான். தரையிலிருந்து குதிப்பது முதலில் கணுக்காலைத்தான் எட்டும்.

வீட்டில் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். பேன் சீப்பால் வாலடியில் அழுத்திச் சீவி, சீப்பில் வருகிற கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். வெறும் அழுக்கு என்றால் கறுப்பாகவே இருக்கும். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் கழிவு, செரித்த ரத்தம்.

ஒன்று கேட்க வேண்டும். பூட்டியிருந்த இரண்டாம் கட்டுக்குள் தெருப்பூனை ஏதாவது வந்து போனதா?


கானாடுகாத்தான் வளவு:

நல்லவேளை, போடவில்லை ஐயா. உறையைப் பார்த்தேன், பெர்மெத்ரின் என்றுதான் இருக்கிறது. கேட்டதைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருந்தது. மார்கழியில் இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில், சுருட்டி வைத்திருந்த பாய்க்குப் பின்னால் ஒரு தெருப்பூனை குட்டி போட்டிருந்தது என்று வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார். தை மாதமே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.

சீவிப் பார்த்தேன். துணியில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் வந்துவிட்டது. ஆனால் தைக்கும் சித்திரைக்கும் நடுவில் அங்கே உயிர் என்று ஒன்றும் இல்லையே, பூச்சி எதைத் தின்று இருந்தது?


காரைக்குடி, ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

ஒன்றும் தின்னாமல்தான் இருந்தது, ஆச்சி. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் இதை நான் பல முறை பார்த்ததால்தான் கேட்டேன்.

பெண் பூச்சி ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை ரோமத்தில் ஒட்டாது, பூனை படுத்த இடத்தில் உதிர்ந்துவிடும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து பாயின் மடிப்புக்கும் நிலைக்கட்டை இடுக்குக்கும் போய்விடும். அப்புறம் தூசியையே போர்த்திக்கொண்டு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் முழுப் பூச்சியாக ஆன பிறகும் மாதக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். தரை அதிர்ந்தால், வெதுவெதுப்புப் பட்டால், மூச்சுக்காற்று வந்தால் உடனே வெளியே குதிக்கும். நீங்கள் கதவைத் திறந்தீர்கள், ஆட்கள் நடந்தார்கள், பாயை உதறினீர்கள். அது காத்திருந்ததும் அதற்குத்தான். பூனை மேல் நீங்கள் பார்க்கிற பூச்சி மொத்தத்தில் 100-க்கு 5 பங்குதான் இருக்கும். மீதி முட்டையும் புழுவும் கூடுமாக வீட்டில் இருக்கிறது.

அதனால் பூனைக்கு மட்டும் மருந்து போட்டு இது தீராது. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாசாலை வழவழப்பாக இருப்பதால் அங்கே பெரிதாகப் பயமில்லை, கூட்டித் துடைத்தால் போதும். கவனிக்க வேண்டியது பாய், மெத்தை, கோணிச் சாக்கு, நிலைப்படி இடுக்கு, மரப்பெட்டகத்தின் அடி, பின்கட்டு மண்தரை. சுருட்டி வைத்திருக்கிற எல்லாவற்றையும் உச்சி வெயிலில் விரித்துப் போட்டுப் புரட்டிப் புரட்டிக் காய வையுங்கள். இந்தப் புழுவுக்கு ஈரப்பதம் வேண்டும், நம் பக்கத்து வெயிலையும் வறட்சியையும் அது தாங்காது. சீனி படுக்கிற துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். கூட்டிய குப்பையை மூலையில் விடாமல் பையில் கட்டி அன்றன்றே வெளியேற்றுங்கள். மெத்தை ரொம்பப் பழசு என்றால் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது.

பூனைக்குச் செலமெக்டின் அல்லது ஃபிப்ரோனில் சொட்டு மருந்து, பூனைக்கென்றே வருவது. எடை பார்த்து மருத்துவர் சொல்கிற அளவில் போட வேண்டும். நாக்கு எட்டாத பிடரியில், ரோமத்தைப் பிரித்துத் தோலில் படும்படி விடுங்கள். ரோமத்தின் மேல் வழிந்தால் பயனில்லை. மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம். முதல் சில வாரம் புதுப் பூச்சிகள் கண்ணில் படும். மருந்து கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், அவை கூட்டிலிருந்து இப்போது வெளிவருபவை. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் மாத்திரை தனியாகக் கொடுக்க வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் பெர்மெத்ரின் இல்லாத மருந்து அதே நாளில்.

மீன் தலைக்கு இப்போதைக்குப் பழி போட வேண்டாம்.


தேவகோட்டைக்காரி:

டாக்டர் ஐயா சொல்வது சரி, ஆனால் சொறிகிற எல்லாப் பூனைக்கும் இதேதான் என்று மற்றவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் கறுப்பனுக்குக் காது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தடிப்பான பொருக்கு ஏறியது. அப்புறம் நெற்றி, முகம் என்று பரவியது. கண்ணை மூடிக்கொண்டு காதைப் பிய்த்துக்கொள்கிற மாதிரி சொறியும். அதைத் தூக்கிக் கொஞ்சியதில் என் முன்னங்கையிலும் அரிப்பு வந்துவிட்டது. மருத்துவர் பொருக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, சொறிப்பூச்சி என்றார். வீட்டிலிருந்த மூன்று பூனைக்கும் சேர்த்து மருந்து போட்டபோதுதான் நின்றது.

எனக்கு ஒரு கேள்வி. எங்கள் தெருவில் ஒரு பூனைக்கு அரிப்பு வரும்போதெல்லாம் ஒரு ஊசி போட்டுவிடுகிறார்கள். மறுநாளே நின்றுவிடுகிறது, இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. அது நல்லதா?


காரைக்குடி, ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

நல்ல வேளையாக எழுதினீர்கள். அரிப்பு எந்த இடத்தில் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காது ஓரம், முகம் என்றால் நீங்கள் சொன்ன சொறிப்பூச்சி. காதுக்குள் காப்பித்தூள் மாதிரிக் கறுப்பாக அடைந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுப் பூச்சி. மூக்குத் தண்டிலும் காது நுனியிலும் மட்டும் புண் என்றால் கொசுக்கடி ஒவ்வாமையாக இருக்கலாம், ராத்திரி வீட்டுக்குள் வைத்தாலே குறையும். வட்டமாக ரோமம் உதிர்ந்து, வீட்டுப் பிள்ளைகளுக்கும் படர்தாமரை வந்தால் அது பூஞ்சை. பிள்ளைகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். கடும் அரிப்பில் சில நாள் அது தேவைதான், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் காரணத்தைத் தேடாமல் அதையே திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். அந்த வீட்டாரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். பூச்சி மருந்தை ஒழுங்காக மூன்று மாதம் போட்டும் நிற்கவில்லை என்றால் அப்போது உணவைச் சந்தேகிக்கலாம். அதற்கு வருஷம் முழுதும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பூனை இதுவரை தின்னாத ஒரே ஒரு இறைச்சியை மட்டும், மருத்துவர் மேற்பார்வையில், எட்டு வாரம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு வாய் பால்கூடக் கூடாது. அப்புறம் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குழம்பில் கிடந்த கறித்துண்டைக் கழுவிக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், கழுவினாலும் அது போகாது. தனியாக வேக வைத்ததையே கொடுங்கள்.


கானாடுகாத்தான் வளவு:

ஐயா, பாயெல்லாம் முகப்பில் வெயிலில் கிடக்கிறது. நாளைக் காலையில் சீனியைக் காரைக்குடி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். வயிற்றில் நக்கிய இடம் கொஞ்சம் ஈரமாகச் சிவந்திருக்கிறது. அதுவரை ஏதாவது தடவலாமா?


காரைக்குடி, ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

எதுவும் தடவ வேண்டாம், ஆச்சி. உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றியெடுங்கள், போதும். ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டாம். ஈரமாகச் சிவந்திருப்பதால் கிருமி ஏறியிருக்கலாம், அதற்கும் மருந்து வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள். கழுத்துக்குப் புனல் மாதிரி அட்டை கிடைத்தால் மாட்டிவிடுங்கள், சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். மூடி போட்ட கூடையில் கொண்டு போங்கள், அங்கே நாய்களும் வரும். துணியில் தட்டிய அந்தத் துகளையும் துண்டில் கிடந்த அரிசியையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போனால் பார்க்கிறவருக்கு வேலை பாதியாகும். சீனியின் எடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த மாத மருந்துக்கு அது வேண்டும்.