மௌசர் வேகம் 878ஆ, 760ஆ? ஆற்றல் கணக்கு உதைக்கிறது

வெண்புறா:
அவசரம். பழைய ராணுவ ரைஃபிள்களை ஒப்பிட்டு அட்டவணை போடுகிறேன். குண்டு குழலை விட்டு வெளியேறும்போது உள்ள ஆற்றல்தான் கணக்கு. பிரிட்டனின் லீ என்ஃபீல்டு, ரஷ்யாவின் மோசின் நாகாந்த் இரண்டும் 3,000க்கும் 3,600 ஜூலுக்கும் நடுவில் வந்துவிட்டன. ஜெர்மனியின் மௌசர் மட்டும் உதைக்கிறது. ஒரு இடத்தில் வினாடிக்கு 878 மீட்டர், இன்னொரு இடத்தில் 760. 878ஐப் போட்டால் 4,900 ஜூலைத் தாண்டுகிறது. எது சரி?

குழல்மானி:
எந்த மௌசர்? என்ன எடை போட்டீர்கள்? எடை குண்டுக்கா, முழுத் தோட்டாவுக்கா?

பழைய இரும்பு:
குழல் நீளம்தான், பந்தயம் கட்டுகிறேன். முதல் உலகப்போரின் நீள மௌசரான கெவேர் 98க்கு 74 செ.மீ., இரண்டாம் உலகப்போரின் குட்டை மௌசரான 98கேவுக்கு 60. நீளக் குழலில் வாயு கூடுதல் நேரம் தள்ளும்.

நடுநிசி:
எங்கே வைத்து அளந்த வேகம்? அமெரிக்க ராணுவ ரைஃபிளின் எம்2 தோட்டாவுக்கு வினாடிக்கு 2,740 அடி என்று போட்டிருப்பார்கள். அது குழல் முனையில் இல்லை, 78 அடி தள்ளி.

சூத்திரதாரி:
இந்தக் கேள்வி வருஷா வருஷம் முளைக்கிறது. தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. எடையைக் கிலோவில் போட்டு, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்குங்கள். பள்ளிக்கூடப் பாடம்.

வெண்புறா:
சூத்திரம் தெரியும் சார். குண்டு 12.8 கிராம். சாதாரண மௌசர்தான், இரண்டாம் உலகப்போர்.

குழல்மானி:
அங்கேதான் சிக்கல். 878 என்பது 1905இன் ‘எஸ்’ தோட்டா, கெவேர் 98இன் நீளக் குழலில். அந்தக் குண்டு சுமார் 10 கிராம்தான். 12.8 கிராம் ‘எஸ்எஸ்’ வேறு, வால் ஒடுங்கிய கனமான குண்டு, 98கேயில் 760. ஒன்றின் வேகமும் மற்றதன் எடையும் கலந்துவிட்டன. பிரித்துப் போட்டால் முதலாவது 3,850 ஜூல் பக்கம், இரண்டாவது 3,700. வேகத்தில் 118 மீட்டர் இடைவெளி, ஆற்றலில் பெரிதாக ஒன்றுமில்லை. அதுவும் முனையில்தான். தொலைவு கூடக்கூட கனமான குண்டு முந்திவிடும். முதலில் அதை இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எடுத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

பழைய இரும்பு:
ஆனாலும் குழல் நீளம் உண்டு.

குழல்மானி:
உண்டு. முப்பது, நாற்பது மீட்டருக்கு மேல் அதன் தலையில் கட்ட முடியாது.

செம்பருந்து:
ஜூல் கணக்கை வைத்து ரைஃபிளை எடைபோடுவதே வீண். லீ என்ஃபீல்டில் 174 கிரெயின் (சுமார் 11.3 கிராம்) குண்டு, வினாடிக்கு 2,440 அடி, 3,120 ஜூல்தான். ஆனால் பெட்டியில் பத்துத் தோட்டா. மற்ற இரண்டிலும் ஐந்து.

பழைய இரும்பு:
பத்தும் ஒழுங்காக மேலே வந்தால்தானே! அது விளிம்புத் தோட்டா, அடியில் விளிம்பு துருத்தி நிற்கும். மாற்றி அடுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

செம்பருந்து:
மோசினிலும் விளிம்புத் தோட்டாதான். அதற்கு மட்டும் வாய் திறக்க மாட்டீர்களே.

பழைய இரும்பு:
மோசினில் அடுத்த தோட்டாவைத் தடுத்து நிறுத்த உள்ளேயே ஒரு தகடு இருக்கிறது. திறந்து பார்த்திருந்தால் தெரியும்.

சூத்திரதாரி:
இதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

வெண்புறா:
10 கிராம் போட்டேன், 3,854. சரியாகிவிட்டது, நன்றி. மோசினுக்கும் இப்படி இரண்டு எடை உண்டா?

குழல்மானி:
உண்டு. 1908இன் இலகு குண்டு 9.6 கிராம், 865 மீட்டர், ஏறத்தாழ 3,590 ஜூல். 1930இல் வந்த கன குண்டு 11.8 கிராம், வேகம் குறைவு. உங்கள் அட்டவணையில் எது இருக்கிறது?