எங்கள் தோட்டத்தில் இரண்டாவது வீடமைப்புச் சங்கம் பதிவாகிவிட்டது, எதிர்த்து வழக்குப் போடலாமா?

மல்லியப்பூ_சந்தி:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நாங்கள் ஹட்டன் பக்கம், தோட்டத்தின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். எங்களிடம் தொண்ணூறுகளிலிருந்தே தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. அப்பா அதில்தான் கடன் எடுத்து வீடு கட்டினார், மாதா மாதம் செக்ரோலில் (தோட்டச் சம்பளப் பதிவேட்டில்) வெட்டிக்கொண்டார்கள், கட்டி முடித்த கடனுக்கு ஒரு துண்டுகூட யாரும் தரவில்லை, அது தனிக் கதை.

இப்போது பிரச்சினை என்னவென்றால் புதிதாக இன்னொரு சங்கம் முளைத்திருக்கிறது. பெயரும் கிட்டத்தட்ட அதேதான், நடுவில் "ஐக்கிய" என்று ஒரு சொல் மட்டும் கூட. பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கோயில் மண்டபத்தில் மாட்டிவிட்டு, ஆளுக்கு 2,500 ரூபாய் கட்டினால்தான் அடுத்த வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைக்கும் என்கிறார்கள். அங்கத்தவர் பட்டியலை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மொத்தம் 63 பெயர். 41ஆவது அப்பா. அப்பா இறந்தது 2019இல், சங்கம் பதிவானது போன வருஷம்! என் பெயரும் இருக்கிறது, என்னை யாரும் கேட்கவே இல்லை.

ரிட் (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யக் கேட்கும் நீதிமன்ற மனு) போட்டால் பதிவு உடைந்துவிடும் என்கிறான் கூட்டாளி ஒருவன். அதற்கு எங்கே போவது, கண்டிக்கா கொழும்புக்கா? பதிவு ரத்தானால் காணி பழைய சங்கத்துக்கே வருமா?

கொத்மலை_காற்று:

தம்பி, செத்தவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்றால் முதலில் பொலிஸில் முறைப்பாடு கொடு, மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் பக்கமும் இதே கூத்துதான், தேர்தல் வருகிறது என்றால் சங்கமும் வந்துவிடும். காசு மட்டும் கட்டாதே.

ஓய்வு_பரிசோதகர்:

கூட்டுறவுத் திணைக்களத்தில் முப்பது வருஷம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் தோட்டம் தோட்டமாக அலைந்து சங்கக் கொப்பி பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி.

1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க கூட்டுறவுச் சங்கச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு சங்கங்களைப் பதிவது, மேற்பார்வை செய்வது, கணக்காய்வது எல்லாம் மாகாணத்தின் கையில், சில மாகாணங்கள் சொந்தமாக நியதிச் சட்டமும் இயற்றியிருக்கின்றன. ஒரே தோட்டத்தில் இரண்டு சங்கம் இருப்பது மட்டும் குற்றமாகாது. பதிவாளர் ஒப்பமிட்ட சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால், அது ரத்தாகும் வரை அந்தச் சங்கம் முறைப்படி பதிவானது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் "இது கள்ளச் சங்கம்" என்று கோயிலடியில் கத்துவதில் பலனில்லை, ரத்துச் செய்யக்கூடியவரிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது, எல்லோரும் தவறவிடுகிற இடம். அங்கத்தவர் பட்டியல் வேறு, பதிவு விண்ணப்பம் வேறு. விண்ணப்பத்தில் தகுதியுள்ள குறைந்தது பத்துப் பேர் ஒப்பமிட வேண்டும். 63 பேரில் ஒருவர் இறந்தவர் என்று காட்டினால் "சரி, வெட்டிவிட்டோம், 62 பேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பத்துப் பேருக்குள் ஓட்டை இருந்தால்தான் அத்திவாரம் ஆடும். ஆகவே வாட்ஸ்அப் படத்தை நம்பாமல் விண்ணப்பம், துணைவிதிகள், ஆரம்பப் பொதுக்கூட்ட அறிக்கை மூன்றுக்கும் பிரதி கேளுங்கள். வாய்ப் பேச்சில் கேட்டால் "அந்த மிஸ் இன்றைக்கு லீவு" என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள், 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று முடிவு சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. அங்கத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் எழுதிக் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். 63இல் 21 கையெழுத்து. கேட்காமல் உங்கள் பெயரைப் போட்டார்களே, அதனால் பட்டியல்படி நீங்களும் ஓர் அங்கத்தவர், கேட்கிற உரிமையை அவர்களே தூக்கிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை அறிக்கையை வைத்துப் பதிவாளரே பதிவை ரத்துச் செய்யலாம். அப்பாவின் பழைய கடன் கணக்கை இதோடு கலக்காதீர்கள், அது அங்கத்தவருக்கும் சங்கத்துக்கும் இடையிலான பிணக்கு, 58ஆம் பிரிவில் பதிவாளருக்குத் தனியாகப் போக வேண்டியது.

கறுப்புக்கோட்டு:

மேலே ஐயா சொன்னதோடு ரிட் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நான் சட்டத்தரணி, ஆனால் ஆவணத்தைப் பார்க்காமல் சொல்வதை ஆலோசனை என்று எடுத்துக்கொண்டு நாளைக்கு என்னைத் திட்டக் கூடாது.

கூட்டுறவுப் பதிவு மாகாண சபை நிரலில் வருகிற விஷயம், ஆகவே பதிவாளரின் முடிவை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்தில் ரிட் கேட்கலாம், இதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கடைசியில் கேட்டீர்களே, காணி, அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காணியை விட்டு வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுத்ததை எதிர்த்து ஒருவர் கண்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். அது உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) வரை வந்து, அரச காணியை மீளப் பெறும் விஷயத்தில் ரிட் கொடுக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2013 செப்டெம்பரில் தீர்ப்பானது. அதாவது ஒரே தோட்டம், ஒரே ஆள், சங்கம் என்றால் ஒரு வாசல், காணி என்றால் இன்னொரு வாசல். இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பினால் பூர்வாங்க ஆட்சேபத்திலேயே மனு படுத்துவிடும்.

தாமதமும் ஆகாது. ரிட்டில் "ஏன் இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்", "பதிவாளரிடம் முறையிட்டீர்களா" என்ற இரண்டு கேள்வியும் கட்டாயம் வரும். இன்றைக்கே ஒரு கடிதம் போட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.

பசறை_அக்கா:

நாங்கள் இதே சண்டையைப் பிடித்து ஜெயித்தவர்கள், அதனால் ஜெயித்தால் என்ன நடக்கும் என்றும் கேட்டுவிட்டுப் போங்கள் தம்பி. எங்கள் தோட்டத்தில் பதிவு ரத்தாவதற்கு ஒன்றரை வருஷம் ஆனது, ஆறு தடவை பதுளைக்குப் போனோம், போகிற நாளெல்லாம் பெயர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை, கைக்காசு வேறு. ரத்தான அன்றைக்குப் பட்டாசுகூடப் போட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, ரத்தான சங்கத்தின் கணக்கை முடிக்க ஒருவரை நியமிப்பார்களாம், அவர் வரவு செலவு பார்த்து முடிக்கும் வரை வங்கியிலுள்ள காசை யாரும் தொட முடியாது. 5,000 ரூபாய் கட்டியிருந்த சனமெல்லாம் எங்களைத்தான் ஏசியது, ஏமாற்றியவனை விட்டுவிட்டு. கோயிலில் சோறு பரிமாறும்போது எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனாள் ஒருத்தி!

காணியும் வரவில்லை. எப்படி வரும், காணி எந்தச் சங்கத்தின் பெயரிலும் இருந்ததே இல்லையே. 72, 75இல் அரசாங்கம் எடுத்தது, ஜனவசம என்ற அரச தோட்டச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போனது, 92இல் கம்பனிக்காரர்கள் கைக்கு வந்தது. சங்கம் கடன் வாங்கித் தரலாம், காணி உறுதி எழுதித் தர அதனிடம் என்ன இருக்கிறது? 7 பேர்ச் சங்கத்தின் வழியாகத்தான் வரும் என்று எவனாவது சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், மறுநாள் ஆள் தலை காட்ட மாட்டான். செத்த மனுசனின் பெயரை அப்படியே விடக் கூடாது என்பது வேறு, அதற்காகப் போடுங்கள், காணிக்காகப் போடாதீர்கள்.

மல்லியப்பூ_சந்தி:

எல்லோருக்கும் நன்றி, அக்காவின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அப்பளத்துக்குச் சிரித்தார், பிறகு ஒன்றும் பேசவில்லை.

பரிசோதகர் ஐயா, நீங்கள் சொன்னபடியே எழுதிப் போட்டேன், சுணங்கினாலும் பிரதி வந்துவிட்டது. விண்ணப்பத்தில் ஒப்பமிட்டவர்கள் பதினொரு பேர். ஏழாவது எங்கள் சித்தப்பா, அவர் வெள்ளவத்தையில் கடையில் நிற்கிறார், போன் எடுத்துக் கேட்டேன், சங்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாதாம், சத்தியக்கடதாசி தரத் தயார் என்கிறார். நாலாவது அப்பா. பெயருக்கு நேரே நன்றாகச் சாய்த்து, கீழே கோடு இழுத்து, அழகான ஒரு கையெழுத்து. ஐயா, எங்கள் அப்பா சாகும் வரைக்கும் கைநாட்டு. சம்பள நாளில் மை பிடித்த பெருவிரலைச் சுவரில் தேய்ப்பார், அந்த ஊதாக் கறை லயத்துச் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது.

பழைய சேமலாப நிதிப் படிவம் அம்மாவின் தகரப் பெட்டியில் கிடைத்தது, அதிலும் கைரேகைதான். 21க்கு இதுவரை 14 பேர் சேர்ந்திருக்கிறார்கள். பதிவாளருக்கு எழுதுகிற கடிதத்தில் மூலப் படிவத்தையே வைப்பதா, பிரதி போதுமா?

ஓய்வு_பரிசோதகர்:

பிரதி மட்டும். மூலம் பெட்டியிலேயே இருக்கட்டும், யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிடாதீர்கள், காட்டுங்கள் போதும். மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியையும் சேருங்கள். அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.