அர்த்தம் சொல்ல ஆளில்லாதபோது

எங்கள் சபையில் அந்நியபாஷை (ஜெபத்தில் ஆவியால் வருகிற, பேசுகிறவருக்கே புரியாத மொழி) பேசுகிறவர்கள் முன்னால், பேசாதவர்கள் பின்னால் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். நான் முன்வரிசை. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்று 11 வருடம் என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். பின்வரிசைக்காரர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் "காய்ந்த விசுவாசிகள்". அவர்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் "சத்தக் கோஷ்டி" என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

காது கேளாத தம்பி ஒருவன் ஆராதனைக்கு வர ஆரம்பித்தான். பின்வரிசையில் ஒரு அக்காவுக்குச் சைகை மொழி தெரியும். சுவரோரமாக நின்று பிரசங்கம் முழுவதையும் கையாலேயே அவனுக்குச் சொல்வார். அதை ஆவியானவர் தந்த வரம் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. ஏதோ உதவி செய்கிறார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு, பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பாஷையில் நிரம்பிப் பேசிக்கொண்டிருந்தோம். எதற்கோ கண்ணைத் திறந்தேன். அக்காவின் கைகள் நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றிருந்தன, விரல்கள் பாதி விரிந்தபடி. தம்பி அவர் கையையும் எங்கள் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான்.

ஆராதனை முடிந்ததும் அக்காவிடம் கேட்டேன். "என்னத்தைக் காட்டட்டும் தம்பி? பேசுகிறார்கள், எனக்கும் புரியவில்லை என்று காட்டினேன்" என்றார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. அதுதான் குத்தியது.

அன்றிரவு பைபிளில் 1 கொரிந்தியர் 14ஐ, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை, எடுத்தேன். அந்நியபாஷை பேசுவதைத் தடுக்காதிருங்கள் என்கிற 39ஆம் வசனத்தை எத்தனை பேரிடம் நீட்டியிருப்பேன்! அதற்குக் கொஞ்சம் மேலே, 27லும் 28லும், இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒவ்வொருவராக, ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும், அர்த்தம் சொல்ல ஆளில்லையென்றால் சபையில் பேசக்கூடாது, தேவனோடு தனியே பேசிக்கொள்ளட்டும் என்றிருக்கிறது. வாசிக்காத வசனமல்ல. நிற்காமல் தாண்டிப் போன வசனம்.

இன்னொன்றும் அன்று உறைத்தது. பவுல் எழுதியபோது அதிகாரப் பிரிவே கிடையாது. அது 13ஆம் நூற்றாண்டில் வந்தது. 12இல் வரங்கள், 13இல் அன்பு, 14இல் வரங்களைப் பயன்படுத்தும் ஒழுங்கு எல்லாம் ஒரே மூச்சில், அடித்துக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினது. அன்பைப் பற்றிய நடுத்துண்டை மட்டும் கத்தரித்துக் கல்யாண வாழ்த்தாக்கியது நாம்தான்.

மூப்பர் கூட்டத்தில் இதைப் பேசினேன். "ஆவியை அவித்துப்போடப் பார்க்கிறாயா?" என்று என் கோஷ்டியே பாய்ந்தது. பின்வரிசை மூப்பர் ஒருவரோ, "அப்படியென்றால் மொத்தமாக நிறுத்திவிடலாமே" என்றார். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. இப்போது ஒருவர் பாஷையில் பேசினால் அர்த்தம் வருகிறதா என்று எல்லாரும் காத்திருக்கிறோம். வராவிட்டால் அடுத்த பாட்டு. அந்த ஒரு நிமிட அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.

*

அண்ணன், நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் அனுபவம் இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. ஒரு கூட்டத்தில் என் தலையில் கைவைத்து, அடுத்த வருடம் இந்நேரம் உன் கையில் குழந்தை என்று தீர்க்கதரிசனம் சொன்னார்கள். கூட்டமே ஆமென் போட்டது. வருடம் போனது. சொன்னவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் விசுவாசத்தில்தான் குறை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அதே 14ஆம் அதிகாரம் 29ஆம் வசனம்: தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும், அதாவது சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நிதானித்தது யார்? ஆமென் சொன்ன அத்தனை பேருக்கும் அந்த வேலை கொடுக்கப்பட்டிருந்தது, ஒருவரும் செய்யவில்லை. சொன்னவர்மேல் இருக்கிற கோபத்தைவிட எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

ஒரே ஒரு வயதான அம்மா வீடு தேடி வந்தார். "நானும் யோசிக்காமல் ஆமென் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் மகளே" என்றார். ஜெபம்கூடப் பண்ணவில்லை, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான் இன்னும் அந்தச் சபைக்குப் போவது அவருக்காகத்தான்.

*

உங்கள் இருவர் எழுதியதையும் வாசித்தேன். நான் சபைக் கணக்கு எழுதுகிறவன். "உங்களுக்கு என்ன வரம் பிரதர்?" என்று கேட்டால் அசடு வழிவேன். அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரம் 28ஆம் வசனத்தில் குணமாக்கும் வரங்களுக்கும் பலவித பாஷைகளுக்கும் நடுவே "ஊழியங்கள், ஆளுகைகள்" என்று, அதாவது உதவி, நிர்வாகம் என்று, சத்தமில்லாமல் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆளுகைகளுக்கான கிரேக்கச் சொல் கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்தும் வேலையைக் குறிப்பதாம். அது தெரிந்ததிலிருந்து காணிக்கை நோட்டைத் திறக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறேன். பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

*

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். யோசிக்காமல் ஆமென் போட்டவர்களில் நானும் ஒருவன், வேறு யாருக்கோ, வேறு எங்கோ. அவர்களிடம் இன்னும் போகவில்லை. போக வேண்டும்.

காது கேளாத அந்தத் தம்பி போன மாதம் சபைக்கு முன்னால் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னான். அவன் கையால் சொல்ல, அக்கா குரல் கொடுத்தார். நடுவில் ஒரு சைகை அவருக்கே பிடிபடாமல் நின்றார். அவன் அவசரப்படாமல் மறுபடி காட்டினான். முன்வரிசை முழுக்க எழுந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.