புதுப்பிப்பு: வலி மதிப்பெண்ணுக்குச் சராசரி போடலாமா?

போன மாதம் ஒரு கேள்வி போட்டிருந்தேன்: மூட்டுவலி நோயாளிகளிடம் 0 முதல் 10 வரை கேட்டு வாங்கிய வலி மதிப்பெண் எண்மாறியா (இடைவெளிகள் சமமான, சராசரி போடக்கூடிய எண்), தரவரிசை மாறியா (முன்பின் வரிசையை மட்டும் காட்டுவது) என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தரவரிசை என்றே முடிவு செய்தேன். 2-லிருந்து 4-க்கு ஏறுவதும் 7-லிருந்து 9-க்கு ஏறுவதும் ஒரே அளவு வலி என்று யார் சொல்ல முடியும்? ஒரு பாட்டி, "எட்டுன்னு போட்டுக்கோ கண்ணு, ராத்திரின்னா பத்து" என்றார். அதில் வரிசை உண்டு, சம இடைவெளிக்கு உத்தரவாதம் இல்லை. சராசரியை எடுத்துவிட்டு இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) போட்டேன். இரு குழுக்களை ஒப்பிட, சராசரிகளைப் பார்க்கும் டி சோதனைக்குப் பதில் வரிசையைப் பார்க்கும் மான்-விட்னி சோதனை. (பிறந்த குழந்தைக்குப் போடும் அப்கார் மதிப்பெண்ணும் இதே ரகம்தான்.)

அப்புறம் ஒரு கூத்து. புகைப்பழக்கத்துக்கு எக்செலில் 1 = பழக்கம் இல்லை, 2 = விட்டவர், 3 = பழக்கம் உண்டு என்று குறியீடு கொடுத்திருந்தேன். வெறும் அடையாளமான அந்த எண்களுக்கும் மென்பொருள் 'சராசரி 1.7' என்றது. அதையும் அட்டவணையில் ஏற்றி வைத்திருந்தேன்! இப்போது எண்ணிக்கையும் சதவீதமும் மட்டும்.

பிஎம்ஐ-யை (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) பிரிவுகளாக்கச் சொன்ன நண்பரின் பேச்சைக் கேட்கவில்லை, மன்னிக்கவும். 24.9-ம் 25.1-ம் வெவ்வேறு கட்டத்தில் விழ, 25.1-ம் 29.8-ம் ஒன்றாக உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. எண்ணாக வைத்தால் எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். படிவத்திலேயே பிரிவை டிக் அடித்துவிட்டால் திரும்பிவர வழியில்லை. வயதில் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்: தாளில் '40–59' என்று மட்டும்தான் இருக்கிறது.