ரெக்கார்டு கம்பெனி ரெப்பா ராம்நாடு பக்கம் சுத்துன எங்க பெரியப்பாவ யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?

தங்கச்சிமடத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா போன மாசம் தவறிட்டாக. 60கள் கடைசில ஒரு இசைத்தட்டு கம்பெனிக்கு இந்தப் பக்கத்து ரெப்பா, அதாவது விற்பனைப் பிரதிநிதியா சேந்தாக, கேசட் வந்து எல்லாத்தையும் வாரிட்டுப் போற வரைக்கும் அதே வேலதான். ராம்நாடு, பரமக்குடி, கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், ராமேஸ்வரம், அந்தப்பக்கம் தொண்டி வரைக்கும் அவுக லைன். புது ரெக்கார்டு வந்தா கடைக்காரவுக, மைக்செட்காரவுக, டூரிங் டாக்கீஸ் ஆளுகன்னு எல்லாருக்கும் போட்டுக் காமிச்சு ஆர்டர் எடுக்குறது, டீக்கடைப் பயலுகளப் புடிச்சு சிலோன் ரேடியோ நேயர் விருப்பத்துக்கு கடுதாசி எழுத வைக்கிறதுன்னு எந்நேரமும் அலைச்சல்தான். ராமேஸ்வரம் தீவுக்கு ரோட்டுப் பாலம் 1988லதான தொறந்தாக, அதுவரைக்கும் எங்க ஊருக்கு வரணும்னா பாம்பன் பாலத்துல ரயில்தான், அந்த ரயில்ல தகரப்பொட்டிய மடியில வச்சுக்கிட்டே வருவாகளாம், கீழ வச்சா ஆட்டத்துல தட்டு விரிஞ்சு போயிரும்னு.

கமிஷன் ஆளுன்னு சொல்லி அந்த கம்பெனி கடைசில ஒண்ணும் குடுக்கல. பாடுனவுக பேரு, மியூசிக் போட்டவுக பேரெல்லாம் தட்டுல இருக்கு, இவுக பேரு எங்கயுமே இல்ல, அதான் எனக்கு ஆத்தாமை. யாராச்சும் பாத்திருந்தா, பழகியிருந்தா தயவுசெஞ்சு எழுதுங்க, பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும். இன்னொன்னு, வீட்ல ரெண்டு பொட்டி நெறைய தட்டு கெடக்கு, பழைய சாமான் எடுக்குறவரு ஒருத்தர் மொத்தமா வெல கேக்குறாரு, எனக்கு மனசே வரல, என்ன பண்ணலாம்?

மைக்செட் மவன்:
அண்ணே, பொட்டிக்காரருன்னுதான எங்க வீட்ல சொல்லுவாக! நெத்தியில விபூதி, வெள்ளச் சட்ட, தோள்ல துண்டு, அவுகதான? எங்கப்பா முதுகுளத்தூர் பக்கம் மைக்செட் வச்சிருந்தாக. கரண்டு இல்லாத ஊருக்கு பேட்டரி தூக்கிட்டுப் போயி, பனமரத்து உச்சில கொழாய் கட்டிப் பாட்டுப் போடுற காலம். புதுத் தட்டு வந்தா உங்க பெரியப்பா கல்யாண வீட்டுக்கே வந்துருவாக. எங்கப்பா சொன்னதுல எனக்கு மறக்காத விசயம் ஒண்ணு இருக்கு, அவுக பந்தல்ல ஒக்காந்து பாட்டுக் கேக்க மாட்டாகளாம். நேரா பின்னாடி சமையக்கட்டுக்குப் போயி நின்டுக்குவாக. வெங்காயம் அரியிற பொம்பளையாளுக, அண்டா கிண்டுற ஆளு, எந்தப் பாட்டுக்கு இவுக கை நிக்கிதுன்னு பாப்பாக. கை நின்டா அந்தப் பாட்டு ஓடும், ரெக்கார்ட எத்தன வேணும்னாலும் எடுத்து வைய்யின்னு எங்கப்பாகிட்ட சொல்லிருவாக, அது தப்புனதே இல்லையாம்.

தட்ட வாங்குறதுக்கு முன்னாடி பாக்குற வெதமும் அவுக சொல்லிக் குடுத்ததுதான். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல ஓரத்த மட்டும் புடிக்கணும், வெரலு கோட்டு மேல படவே கூடாது. வெயிலுக்கு நேரா சாச்சுப் பாத்தா கீறலு மின்னும். நிமிசத்துக்கு 78 சுத்து சுத்துற அந்தக் கனமான 78 தட்டா இருந்தா வெரல் கணுவால லேசாத் தட்டுவாக, கணீர்னு கேட்டா நல்ல தட்டு, தொப்புன்னு கேட்டா உள்ள எங்கயோ விரிசல். ஒரு பக்கம் மூணு நிமிசம் ஓடும், அதுக்குள்ள அடுத்த தட்டையும் புது ஊசியையும் எடுத்து வைக்கணும், ஏன்னா இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. தேஞ்ச ஊசியப் போட்டா தட்டக் கொன்னுபுடும்னு திட்டிட்டு, தன் பையில இருந்தே ஊசி டப்பாவ எடுத்துக் குடுத்துட்டுப் போவாகளாம்.

கீழக்கரை காக்கா:
இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். தம்பி, எங்க வாப்பா கடைக்கு உங்க பெரியப்பா வருவாக, நான் சின்னப்புள்ள. நோம்பு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பொட்டியத் தூக்கிட்டு வந்து எங்க பாட்டுத் தட்டா எடுத்து அடுக்குவாக. நாகூர் ஹனிபா பொறந்ததே நம்ம ராம்நாட்லதான், 1925ல. அதனால அவரு தட்டு வந்தா உங்க பெரியப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை, சொந்தக்காரரு பாடுன மாதிரி நம்ம ஊர்க்காரரு, நம்ம ஊர்க்காரருன்டு எல்லார்ட்டயும் சொல்லிக் குடுப்பாக. எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன பாட்டு வேணும், எந்த வீட்ல மையித்து விழுந்திருக்கு, அந்தத் தெருவுல இப்ப சத்தமாப் போடக்கூடாது, இதெல்லாம் எங்கள விட அவுகளுக்கு நல்லாத் தெரியும். வாப்பாவுக்கு ரெண்டு வருசம் யாவாரம் படுத்துக் கெடந்தப்ப தட்டக் குடுத்துட்டு காசக் கேக்காமயே போனாக. இது வாப்பா மவுத்தாவுறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னது. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி நின்டா சொல்லுங்க, நான் குடுக்கணும்.

மண்டபம் கேம்ப்:
எங்க அப்பா இலங்கை தேயிலைத் தோட்டத்துல இருந்து 70கள்ல, தோட்டத் தமிழர இந்தியாவுக்கு அனுப்புன சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்தவர். தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி மண்டபம் கேம்ப்ல வச்சிருந்தாங்க. ஊரே தெரியாத ஊர்ல, டீக்கடை ரேடியோல இலங்கை வானொலி பாடிட்டு இருந்திருக்கு. அங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல கேட்ட அதே நிலையம், அறிவிப்பாளர் அப்துல் ஹமீதோட அதே குரல். அப்பா அழுதுட்டாராம். பக்கத்துல தகரப்பொட்டியோட இருந்த ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்து, உங்க பக்கம் என்னென்ன பாட்டு விரும்பிக் கேப்பீங்கன்னு ரொம்ப நேரம் விசாரிச்சு நோட்டுல எழுதிக்கிட்டார்னு அப்பா சொல்வார். உங்க பெரியப்பாவாத்தான் இருக்கணும், அந்த லைன்ல வேற யாரு?

இங்க நம்ம கரைக்கு அந்த ஸ்டேஷன் எவ்வளவு பெருசுன்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. 1952ல ஆல் இந்தியா ரேடியோல சினிமாப் பாட்ட நிறுத்துனாங்க, 1957ல விவித் பாரதி வர்ற வரைக்கும் சனம் பூரா சிலோன் பக்கம் முள்ளத் திருப்பிருச்சு, அப்புறமும் திரும்பி வரல. நடுவுல கடல்தானே, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தெளிவாக் கேக்கும்.

ஊசிமுனை:
ஆழ்ந்த இரங்கல் நண்பரே. நான் ரெக்கார்டு சேக்குறவன், அதனால பொட்டியப் பத்தி மட்டும் சொல்றேன். மொத்தமா குடுத்துடாதீங்க, கைகூப்பிக் கேக்குறேன். முதல்ல தரம் பிரிங்க. கனமா, கீழ விழுந்தா ஒடையிறது 78, அது அரக்குல செஞ்சது. லேசா வளையிறது வினைல், சின்னது ஈபி, பெருசு எல்பி. அரக்குத் தட்ட ஸ்பிரிட், சானிடைசர் எதாலயும் தொடச்சிடாதீங்க, அரக்கு கரைஞ்சு பாட்டே போயிடும், மெத்துனு காஞ்ச துணி போதும். படுக்கப் போட்டு அடுக்காதீங்க, புஸ்தகம் மாதிரி நிக்க வைங்க. உங்க ஊர் உப்புக்காத்துக்கு தட்டு தாங்கும், பேப்பர் உறைதான் பூஞ்ச புடிக்கும், கரையானும் வரும், தரையில வைக்கவே வேணாம். அப்புறம் 78க்கு ஊசியே வேற, அதோட கோடு அகலம், எல்பி ஊசியப் போட்டு ஓட்டிப் பாக்காதீங்க. லேபிள் நம்பரையும், லேபிளச் சுத்தி வெறுமையா இருக்குற எடத்துல பொறிச்சிருக்குற நம்பரையும் போட்டோ எடுத்து வைங்க. சாம்பிள்னு முத்திரை குத்துனது இருந்தா அது தனியா வைக்க வேண்டியது, கடைக்கு வந்த சரக்கு இல்ல அது, அவர் ஊர் ஊரா போட்டுக் காமிச்சதே அந்தத் தட்டாத்தான் இருக்கும்.

எல்லாத்துக்கும் மேல அந்த நோட்டு. அது இருக்கா?

தங்கச்சிமடத்தான்:
இருக்குண்ணே. கருப்பு பைண்டு நோட்டு, பொட்டி அடியிலேயே கெடந்துச்சு, நீங்க கேட்டப்பறம்தான் வெளிய எடுத்துப் பிரிச்சேன். ஒவ்வொரு பக்கத்துலயும் ஊர் பேரு, கீழ தட்டு நம்பரு, பக்கத்துல ஒரு வரி. ‘அண்டா கிண்டுறவர் நின்டார்’னு ஒரு எடத்துல எழுதியிருக்காக. மைக்செட் தம்பி, அத படிச்சதும் பெரியம்மா உங்க அப்பா இப்ப எப்படி இருக்காகன்னு கேட்டாக. மண்டபம் கேம்ப், ‘தோட்டத்து ஆள் சொன்னது’ன்னு தலைப்புப் போட்டு ஒரு பக்கம் பூரா பாட்டு எழுதியிருக்கு, அத போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புறேன், அப்பா சொன்னதா இருக்கும். காக்கா, கீழக்கரைப் பக்கத்துல கணக்கு ஒண்ணும் பாக்கி காட்டல, அடிச்சு விட்டிருக்கு, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீக.

பொட்டிய யாருக்கும் குடுக்கல. ஊசிமுனை அண்ணே, 78 ஓட்டுற செட்டு உங்ககிட்ட இருந்தா ஒரு ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வர முடியுமா? ராமேஸ்வரம் பஸ்ல ஏறி தங்கச்சிமடத்துல எறங்குனா போதும், நான் ஸ்டாப்புல நிப்பேன். மதியம் மீன்கொழம்பு பெரியம்மா வப்பாக. மத்தவுகளும் வாங்க.